ஆறாவது கூடாரம்

மாமியாரோடு ஒரே வீட்டில் இருப்பது கஷ்டம் என்று சொல்கிறவர்கள் யாரும் ஒரே ஆபீஸில் இருந்து பார்த்ததில்லை. என் மனைவியைப் பெற்ற புண்ணியவதி முப்பத்திரண்டு வருஷம் பரீட்சைப் பறக்கும் படையில் இருந்தவர். சாக்ஸுக்குள் இருக்கும் பிட்டை ஹால் வாசலிலேயே மோப்பம் பிடிப்பார். ரிட்டயர் ஆன மறுநாள் வீட்டு மாடியில் துப்பறியும் ஏஜென்சி போர்டு மாட்டினார். அந்த வாரம் பார்த்துத்தானா எனக்கு வேலை போக வேண்டும்? "மாப்பிள்ளை வீட்ல சும்மா இருக்க வேண்டாமே" என்றார் அத்தை. ஆயிற்று, நாலு வருஷம். அவர் துப்பறிவார். நான் கார் ஓட்டுவேன், ஃபைல் தூக்குவேன், ஆபத்து எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் முதலில் போவேன். இதையெல்லாம் 'போங்க, வாங்க' என்று மரியாதையாகத்தான் சொல்வார். எதிர்த்துப் பேச முடியாமல் போவது அதனால்தான்.

அன்று மதியம் ஒன்றரை மணிக்கு ஓர் இளம்பெண் மூச்சிரைக்க மாடி ஏறி வந்தாள்.

"குட்டியைக் கண்டுபிடிச்சுக் குடுங்க மேடம். அஞ்சு மணிக்குள்ள."

"ஐயையோ, எத்தனை வயசு?" என்று நான் பதறிப்போய்ப் பேனாவைத் திறந்தேன்.

"ஒன்பது வாரம். நாய்க்குட்டி."

பேனாவை மூடினேன். "திறங்க மாப்பிள்ளை" என்றார் அத்தை. திறந்தேன்.

போலீசுக்கும் பணக்காரர்களின் பாதுகாப்புக்கும் நாய் வளர்த்து, பழக்கி, விற்கும் பெரிய பண்ணை ஒன்று ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கே அவள் அப்பா பதினைந்து வருஷமாக ஸ்லீவ் போடுகிறாராம்.

"ஸ்லீவுன்னா?" என்றேன்.

"நாய்ங்க கடிச்சுப் பழக ஒரு ஆள் வேணும்ல சார். கையில தடியா சணல் உறை மாட்டிக்கிட்டு நிப்பாங்க. நாய் ஓடி வந்து அதைக் கவ்வும். அந்த ஆள்தான் எங்கப்பா."

"அதாவது, கடி வாங்கறதே உத்தியோகம்."

"ஆமா சார்."

கல்யாணமானவர்கள் எல்லாரும் அதைச் சம்பளம் வாங்காமலே செய்கிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். விழுங்கிவிட்டேன்.

விஷயம் இதுதான். பண்ணையின் சாம்பியன் நாய் வல்கனுக்குப் பிறந்த ஏழு குட்டிகளில் ஒன்றைப் போலீஸ் துப்பறியும் நாய்ப் பிரிவு முன்பதிவு செய்திருந்தது. ஏழும் ஒரே அச்சு என்பதால் கழுத்தில் வேறு வேறு நிறத்தில் பட்டை கட்டியிருந்தார்கள். இதற்கு நீலம், அதனால் பெயரும் நீலம். நேற்று சாயங்காலம் ஐந்தரை மணிக்கு நீலத்தின் கூண்டு காலியாக இருந்தது. பண்ணையையே புரட்டிப் போட்டுத் தேடினார்கள். பயிற்சி மைதானத்தில் வல்கனை விட்டுத் தேடினார்கள். வல்கன் ஒரு கூடாரத்தின் முன்னால் போய் நின்று குரைத்தது. அதற்குள் ஸ்லீவ்காரரின் கோட்டு மாட்டியிருந்தது. அவரோ ஐந்தேகால் மணிக்கே தன் பெரிய பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியிருந்தார்.

"நாயே திருடனைக் காட்டிடுச்சுன்னு முதலாளி சொல்றார். அப்பா நேத்து இல்லவே இல்லைன்னார். இன்னிக்குக் காலையில போனவர், நான்தான் எடுத்தேன்னு தன் கைப்பட எழுதிக் குடுத்துட்டார் மேடம்!" மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தாள். "அஞ்சு மணிக்கு நாய்ப் பிரிவு இன்ஸ்பெக்டர் குட்டியை வாங்கிட்டுப் போக வர்றார். குட்டி இல்லன்னா அந்தக் காகிதத்தை அவர் கையில குடுத்துடுவாங்க. அடுத்த திங்கக்கிழமை நான் அதே பிரிவுல வேலைக்குச் சேரணும். வேலை போனாப் போகட்டும். எங்கப்பா இந்த வயசுல லாக்கப்ல உக்காரணுமா?"

அழுதேவிட்டாள். என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தேன். அத்தை செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

*

பண்ணை வாசலில் ஆள் உயரத்துக்கு போர்டு. 'எட்டுத் தலைமுறை வீரம். பிடித்தால் விடாது.' அதற்குக் கீழே சின்ன எழுத்தில், 'விற்றது திருப்பி எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது.'

முதலாளியை எல்லாரும் ஜெனரல் என்று கூப்பிட்டார்கள். பச்சையும் பழுப்பும் கலந்த பட்டாளத்துப் பேன்ட், முறுக்கிய மீசை, இடுப்பில் ஒரு டஜன் சாவி தொங்கும் வளையம். பட்டாளத்து வாசலைக்கூட மிதித்தவரில்லை. ஆபீஸ் சுவரில் கோப்பைகளுக்கும் பதக்கங்களுக்கும் நடுவில் ஒரு பழைய போட்டோ மாட்டியிருந்தது. அதில் இளவயது ஜெனரல் ஓர் ஆள் உயர மெத்தை அடுக்கின்மேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். நாய்களுக்கு முன்னால் அவர் விற்றது பஞ்சு மெத்தை, ஸ்பாஞ்சு மெத்தை.

சோபாவில் வல்கன் படுத்திருந்தது. அதனால் எனக்கு ஸ்டூல்.

"இவன் பாட்டனுக்குப் பாட்டன் பேர் வரைக்கும் எங்கிட்ட பேப்பர் இருக்கு" என்றார் ஜெனரல்.

எனக்கு என் தாத்தாவின் அப்பா பெயரே தெரியாது. நாயைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தேன். அது என்னைப் பார்க்கவில்லை.

"நேத்து யார் யார் எங்கெங்க தேடினீங்க?" என்றார் அத்தை.

"பத்து பேர் தேடினோம் மேடம். கூண்டு, சமையலறை, இந்த ஆபீஸ், எல்லாம். என் பெட்ரூம் கட்டிலுக்கு அடியில வரைக்கும் பாருங்கடான்னு விட்டேன். நமக்கு ஒளிவு மறைவு கிடையாது."

"மைதானத்துல?"

"அங்க ஆள் எதுக்கு? ஒருத்தரும் கால் வைக்கக் கூடாதுன்னு நான்தான் சொல்லிட்டேன். வாசனை கலைஞ்சிடும் பாருங்க. வல்கனை அவுத்து விட்டேன். ஆறு கூடாரம். முதல் அஞ்சையும் சுத்திப் பாத்தான், ஒண்ணுமில்ல. ஆறாவதுக்கு முன்னால போய் நின்னு குரைச்சான் பாருங்க, எனக்கே புல்லரிச்சுப் போச்சு! உள்ள அந்த ஆளோட கோட்டு. மனுஷன் பொய் சொல்லுவான். நாய் சொல்லுமா?"

"சொல்லாது" என்றார் அத்தை. "அந்தக் கோட்டு எங்க?"

"அங்கயேதான் இருக்கு. எவிடன்ஸ்!"

அப்போது அவர் மனைவி டீயோடு வந்தார். சோபாவில் நாயையும் ஸ்டூலில் என்னையும் பார்த்தார். "சோபாவுல உக்காரணும்னா நாயாப் பொறக்கக் குடுத்து வைக்கணும் இந்த வீட்ல" என்று டீயை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அந்த அம்மாவை உடனே பிடித்துப்போனது.

*

ஸ்லீவ்காரர் சாமான் அறையில் ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இடது தோள் வலது தோளைவிட ஓர் அங்குலம் இறங்கியிருந்தது. பதினைந்து வருஷமாக நாய்கள் இழுத்த கணக்கு அது. மகள் வாசலோடு நின்றுவிட்டாள்.

"குட்டியை என்ன பண்ணீங்க?" என்றார் அத்தை.

"வித்துட்டேன்."

"யாருக்கு?"

"ஒரு ஆளுக்கு."

"ஒரு ஆளுக்குத்தான் விக்க முடியும். எப்படிப்பட்ட ஆள்?"

"சட்டை போட்ட ஆள்."

நான் அதை எழுதிக்கொண்டேன். அத்தை குரலைத் தணித்தார். "நீலத்துக்கு ஒரு நாளைக்கு எத்தனை வேளை பால்?"

"நாலு."

"நேத்து ராத்திரி பால் யார் குடுத்திருப்பாங்க?"

அவர் கண் ஒரு கணம் வாசலில் நின்ற மகள் பக்கம் போய்த் திரும்பியது. பண்ணைக்கு வரும்போதெல்லாம் நீலத்துக்கு ரப்பர் பாட்டிலில் பால் கொடுப்பவள் அவள்தானாம். மகளே குட்டியைத் தூக்கிப் போயிருப்பாள் என்று நினைத்துத்தான் மனுஷன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார் என்பது எனக்கே புரிந்துவிட்டது. எனக்கே புரிந்தது என்றால் அத்தைக்கு எப்போதோ புரிந்திருக்கும்.

"உங்ககிட்ட யாராவது உங்க பொண்ணைப் பத்திப் பேசினாங்களா, இன்னிக்குக் காலையில?"

"ஜெனரல் சொன்னார். நீ எடுக்கலன்னா கூண்டைத் திறக்கத் தெரிஞ்ச இன்னொரு ஆள் உன் பொண்ணுதான், அவ பேரை எழுதவான்னு கேட்டார்."

வாசலில் அவள் "அப்பா!" என்றாள். அவர் நிமிரவே இல்லை.

அத்தை பேச்சை வேறு பக்கம் திருப்பினார். "சரி, உங்க வேலையைப் பத்திச் சொல்லுங்க. போட்டியில உங்களை நாய் தேடணும், அப்படித்தானே?"

வேலையைப் பற்றிக் கேட்டதும் ஆளுக்கு உயிர் வந்தது. "ஆமாங்க. மைதானத்துல ரெண்டு பக்கமும் மூணு மூணு கூடாரம். ஒண்ணுல நான் ஒளிஞ்சிருப்பேன். நாய் ஒவ்வொண்ணா சுத்திட்டு வந்து, என்னைப் பாத்ததும் எதிர்ல நின்னு குரைக்கணும். நான் அசையாம நின்னா கடிக்கக் கூடாது. ஓடினாத்தான் கடிக்கலாம்."

"எந்தக் கூடாரத்துல ஒளிவீங்க?"

"ஆறாவதுலதான்."

"எப்பவுமா?"

"விதியே அதுதானுங்களே. கடைசியில நின்னாத்தான் நாய் மத்த அஞ்சையும் ஒழுங்கா சுத்துதான்னு மார்க் போட முடியும். எனக்கு முன்னால இருந்தவரும் ஆறுலதான் நின்னார். இந்த விளையாட்டு ஆடற எல்லா ஊர்லயும் ஆறுதான்."

"நாய்க்கு அது தெரியுமா?"

அவர் முதல்முறையாகச் சிரித்தார். "ரெண்டாவது வருஷமே தெரிஞ்சிடுங்க. அஞ்சையும் சும்மா ஒரு சுத்து, மார்க்குக்காக."

அத்தை எழுந்துகொண்டார். எந்தப் பையன் எந்தப் பெஞ்சில் பிட்டு வைத்திருக்கிறான் என்று கண்டுபிடித்த முகம் அது. அந்த முகம் அடுத்து என் பக்கம்தான் திரும்பும்.

"மாப்பிள்ளை, உங்களுக்கு நாய்னா பயமா?"

"ரொம்ப."

"நல்லது. பயந்தா வேர்க்கும். வேர்த்தாத்தான் வாசனை வரும். போய் ஆறாவது கூடாரத்துல இருக்கற கோட்டை எடுத்துக்கங்க. எடுத்துக்கிட்டு ஒண்ணாவது கூடாரத்துக்குள்ள போய் உக்காருங்க. யார் கண்லயும் படாம."

"அத்தை, உங்க பொண்ணு விதவையாயிடுவா."

"ஓடினாத்தானே கடிக்கும். ஓடாம இருங்க."

*

கூடாரம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்று கம்பு, மேலே தார்ப்பாய், முன்பக்கம் திறப்பு. சமையலறைப் பின்பக்கமாகப் பதுங்கிப் போய் ஆறாவதில் இருந்த கோட்டை உருவிக்கொண்டு, வேலியோரமாகவே திரும்பி வந்து ஒன்றாவதற்குள் நுழைந்தேன். கோட்டில் பதினைந்து வருஷத்து வேர்வை. அதைப் போர்த்திக்கொண்டு புல்லில் உட்கார்ந்தேன்.

புல்லில் சதுரமாக ஓர் அழுத்தம் தெரிந்தது, பெட்டி ஏதோ வைத்து எடுத்த மாதிரி. பக்கத்தில் மஞ்சளாக, நகம் அளவுக்கு நாலைந்து துணுக்குகள். எடுத்து நசுக்கினேன். மெத்தென்று மீண்டது. ஸ்பாஞ்சு. துணுக்கெல்லாம் பல்லால் பிய்த்தது போல இருந்தது. நாய்க்குட்டி ஒன்றுக்குப் போன வாடையும் அடித்தது. பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

வெளியே அத்தையின் குரல் கேட்டது. "நேத்து உங்க நாய் சாட்சி சொன்ன அழகை என் கண்ணால ஒரு தடவை பாக்கணும் ஜெனரல். அப்பத்தான் ரிப்போர்ட் எழுத எனக்கும் தெம்பா இருக்கும்."

"அதுக்கென்ன! டேய், எல்லாரும் வாங்கடா!" என்றார் ஜெனரல். புகழ்ச்சிக்கு மயங்காத ஆள் இன்னும் பிறக்கவில்லை.

தார்ப்பாய் இடுக்கு வழியாகப் பார்த்தேன். பத்து வேலைக்காரர்களும் வரிசையாக நின்றார்கள். ஸ்லீவ்காரரையும் மகளையும் அத்தை தன் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். ஜெனரல் மார்பை நிமிர்த்திக் கையை நீட்டி ஏதோ ஓர் அந்நிய மொழியில் கத்தினார். வல்கன் பாய்ந்தது.

நாற்பது கிலோ நாய் உங்களை நோக்கி ஓடி வரும்போது தரை அதிரும் என்பது புத்தகத்தில் படித்தால் தெரியாது. நான் கண்ணை மூடிக்கொண்டு என் மனைவியின் பெயரைச் சொன்னேன். பிறகு அவள் அம்மாவை நினைத்துக்கொண்டு வேறொன்று சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது.

சரசரவென்று சத்தம். கண்ணைத் திறந்தேன். கூடாரத்தின் வாசலில், ஒரு முழ தூரத்தில், வல்கனின் மூஞ்சி. என்னைப் பார்த்தது. நன்றாகவே பார்த்தது. என் கையில் கோட்டு, உடம்பெல்லாம் வேர்வை. தன் டேபிளுக்கு வராத ஃபைலைப் பார்க்கும் குமாஸ்தா போல முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த கூடாரத்துக்குப் போய்விட்டது.

இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்று. ஆறாவதின் முன்னால் போய் நாலு காலையும் ஊன்றி நின்று, வெறும் தார்ப்பாயைப் பார்த்துக் குரைக்க ஆரம்பித்தது. என்ன கம்பீரம்! என்ன தாளம்! உள்ளே ஒரு கொசுகூட இல்லை.

"பாத்தீங்களா!" என்று ஜெனரல் கையைத் தூக்கினார்.

"பாத்தேன்" என்றார் அத்தை. "மாப்பிள்ளை, வெளியில வாங்க."

நான் ஒன்றாவது கூடாரத்திலிருந்து கோட்டோடு தவழ்ந்து வந்தேன். கூட்டத்தில் யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். வல்கன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது பாட்டுக்கு ஆறாவதைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது.

"கேள்வித்தாள் முன்னாலயே வெளியான பரீட்சை இது" என்றார் அத்தை. "விடை ஆறு. எல்லா வருஷமும் ஆறு. நேத்தும் ஆறுன்னு எழுதிச்சு, இன்னிக்கும் ஆறுன்னு எழுதுது. பாவம், அது மேல தப்பில்ல. ஆனா அதை வெச்சு இந்த மனுஷன் திருடன்னா, என் மாப்பிள்ளை மனுஷனே இல்லைன்னும் சொல்லணும்."

ஜெனரல் சட்டென்று தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, எட்டுத் தலைமுறை! நான் இவனை எவ்வளவு நம்பினேன் மேடம்! நம்பி ஏமாந்துட்டேனே! ஒரு அப்பாவியைப் போய்..." கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. எனக்கே ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது. மெத்தை விற்ற மனுஷனுக்கு நாயைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன்.

அத்தைக்குப் பாவமாக இல்லை. என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். பாக்கெட்டிலிருந்த மஞ்சள் துணுக்குகளைக் கொடுத்தேன்.

"நேத்து பத்து பேர் எல்லா இடத்துலயும் தேடினாங்க. ஆள் தேடாத இடம் ஒண்ணே ஒண்ணு. நாய் தேடின இடம். எந்த வரிசையில செக் பண்ண வேண்டாம்னு ஹெட்மாஸ்டர் சொல்றாரோ, நான் முதல்ல அந்த வரிசைக்குத்தான் போவேன். மைதானத்துல யாரும் கால் வைக்காதீங்கன்னு சொன்னது யாருப்பா?"

பத்து பேரும் ஜெனரலைப் பார்த்தார்கள்.

"நான் நாயை நம்பித்தானே..."

"நீங்க எங்க நம்பினீங்க? இந்தப் பத்து பேர் நம்பறாங்க. நாய் வாங்கறவங்க நம்பறாங்க. போலீஸ் நம்புது. உலகத்துலயே வல்கனை நம்பாத ஒரே ஆள் நீங்கதான் சார்! குட்டியை ஒண்ணாம் நம்பர்ல ஸ்பாஞ்சு போட்ட பெட்டியில வெச்சுட்டு, இது எட்டிக்கூடப் பாக்காதுன்னு அவ்வளவு தைரியமா அவுத்து விட்டீங்களே. இவரைப் பிடிக்கணும்னு எல்லாரும் வாசல் கேட்டுக்கு ஓடினதும் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டீங்க. வீட்டைத்தான் ஏற்கெனவே தேடி முடிச்சாச்சே. உங்க பழைய ஸ்பாஞ்சு மெத்தையெல்லாம் எங்க வெச்சிருக்கீங்க?"

"அது... மாடி ரூம். சாவி தொலைஞ்சு போய் மூணு மாசமாச்சு."

"தொலைஞ்சு போச்சா?" பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல். டீ டம்ளர்களைச் சேகரிக்க வந்திருந்தார். "இடுப்புல தொங்கறது பின்ன என்ன? நேத்து ராத்திரியில இருந்து பால் பாட்டிலை எடுத்துக்கிட்டு மாடி ஏறி எறங்கறீங்களே, எனக்குக் காது கேக்காதுன்னு நெனச்சீங்களா?"

ஸ்லீவ்காரரின் மகள் அந்தச் சாவி வளையத்தை ஜெனரலின் இடுப்பிலிருந்து பறித்துக்கொண்டு ஓடினாள். யாரும் தடுக்கவில்லை. இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்தபோது அவள் தோளில் நீலப் பட்டையோடு ஒரு குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு மெத்தையில் பாதியைத் தின்று குழி தோண்டி அதில் படுத்திருந்ததாம்.

ஜெனரல் புல்லில் உட்கார்ந்தார். "வேற என்ன பண்ணச் சொல்றீங்க? மாத்திக் குடுக்கலாம்னா மத்த ஆறும் போன வாரமே வித்துப் போச்சு. கையில இருந்து தட்டு நழுவினா ஒண்ணுக்குப் போயிடுது மேடம்! கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குது! இன்னிக்கு இன்ஸ்பெக்டர் வந்து துப்பாக்கி வெடிச்சுப் பாப்பார். வல்கன் பிள்ளை பயந்தாங்கொள்ளின்னு வெளியில தெரிஞ்சா அப்புறம் எவன் வல்கன்கிட்ட தன் பெட்டை நாயைக் கூட்டிட்டு வருவான்? திருட்டுப் போச்சுன்னா கௌரவமாவது மிஞ்சும்."

"உங்க கௌரவத்துக்கு இவர் லாக்கப்புக்குப் போகணுமா?" என்று நான் கத்திவிட்டேன். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. கோட்டு இன்னும் என் தோளில்தான் இருந்தது.

"அந்த நாய் எவ்வளவு நேரமா அங்க குரைக்குது?"

எல்லாரும் திரும்பினோம். வேலிக்கு அந்தப் பக்கம் காக்கியில் ஒருவர் நின்றிருந்தார். நாய்ப் பிரிவு இன்ஸ்பெக்டர். பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார் போலிருக்கிறது.

"கால் மணி நேரமா சார்" என்றேன். "உள்ள யாரும் இல்ல."

அவர் தொப்பியைக் கழற்றினார். "எங்க பிரிவுல இவனோட பிள்ளைங்க நாலு இருக்கு. பயிற்சியும் இங்கதான்." ஆறாவது கூடாரத்தை விரலால் காட்டினார். "ஒரு தெருவுல ஆறாம் நம்பர் வீட்டுக்காரர் எங்க மேல ரெண்டு தடவை புகார் குடுத்துட்டார். ஏன்யா என் வீட்டுக்கே வர்றீங்கன்னு. நாங்க அந்த ஆள் மேலதான் சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கோம்."

அத்தை ஜெனரலின் முன்னால் போய்க் கையை நீட்டினார். "பிட்டைக் குடுங்க."

முப்பத்திரண்டு வருஷக் குரல் அது. ஜெனரலின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், ஸ்லீவ்காரர் எழுதிய காகிதத்தை எடுத்துக் கொடுத்தது. அத்தை அதை எழுதியவரிடமே கொடுத்தார். அவர் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுச் சின்னச் சின்னதாகக் கிழித்தார்.

"திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு வந்துடும்மா" என்றார் இன்ஸ்பெக்டர் அந்தப் பெண்ணிடம். "வந்ததும் உனக்கு முதல் வேலை, அந்த நாலையும் ஒண்ணாம் கிளாஸ்ல இருந்து ஆரம்பிக்கணும். ஜெனரல், நீங்க என்கூட வண்டியில ஏறுங்க. இந்தத் திருட்டு நாடகத்தைப் பத்திக் கொஞ்சம் பேசணும். குட்டி எங்களுக்கு வேண்டாம்."

"எங்கிட்ட இருக்கட்டும்" என்றார் ஜெனரலின் மனைவி. குட்டியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "இந்த வீட்ல பயப்படற ஜீவன் ஒண்ணாவது வேணும்."

ஜீப்பில் ஏறும்போது ஜெனரல் ஸ்லீவ்காரரைத் திரும்பிப் பார்த்தார். "நாளைக்கு ஏழு மணிக்குப் பயிற்சி இருக்கு. வந்துடுவீங்கல்ல?" மனுஷனுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள்!

"நாளைக்கு நீங்க நில்லுங்க சார்" என்றார் ஸ்லீவ்காரர். "எந்தக் கூடாரத்துல வேணும்னாலும்."

*

அப்பாவையும் மகளையும் வீட்டில் விடுவதாகச் சொல்லியிருந்தோம். நானும் அத்தையும் காரில் உட்கார்ந்தோம். அவர்கள் கேட்டுக்கு வெளியே வந்து, காருக்கு நாலடி முன்னால் நின்றுவிட்டார்கள். கண்ணாடி இறக்கியிருந்தது. ஒட்டுக்கேட்பது எங்கள் தொழில்.

"ஏம்ப்பா எழுதிக் குடுத்தீங்க? என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"எப்படிக் கேப்பேன்?" என்றார் அவர். "அந்தக் குட்டி மேல நீ உசிரா இருந்தே. அதை வெடிச் சத்தத்துல நிறுத்தப் போறாங்கன்னு சாப்பிடாமகூட இருந்தே. நேத்து நீ தூங்கினப்புறம் உன் பையைத் திறந்து பாத்தேன். அலமாரியைப் பாத்தேன். என் பொண்ணு பையை நானே திருடன் மாதிரித் திறந்தேன். என்னை மன்னிச்சுடும்மா."

அவள் அவர் தோளில் தொங்கிய பையைத் தொட்டாள்.

"நானும் உங்க பையைப் பாத்தேன்ப்பா. காலையில நீங்க குளிக்கப் போனப்போ. ஸ்லீவுக்குள்ள கையை விட்டுக்கூடப் பாத்தேன்."

அவர் நிமிர்ந்தார். "இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"என்ன பண்ணியிருப்பேன்? நான்தான் எடுத்தேன்னு போய் எழுதிக் குடுத்திருப்பேன்."

தோளிலிருந்த பையை அவர் ரோட்டிலேயே இறக்கி வைத்தார். எத்தனையோ நாய்கள் இழுத்தும் விழாத மனுஷன், நடு ரோட்டில் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். அவளும் அழுதாள், நடுநடுவே சிரித்தாள். நான் சாவியைத் திருகப் போனேன். அத்தை என் கைமேல் கை வைத்தார்.

"இருங்க மாப்பிள்ளை. நமக்கு என்ன அவசரம்."